நாட்டுக்கோழியின் காட்டு உறவு: சாம்பல் காட்டுக்கோழி

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய கூடலூர், வால்பாறை, கம்பம், சத்தியமங்கலம் பகுதிகளிலும், ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைகளிலும் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்குக் காட்டுச் சேவலின் கூவல் புதிதல்ல. வீட்டுச் சேவல் இழுத்து நீட்டி முடிப்பதுபோல இது கூவாது. துண்டு துண்டாக, வெட்டி வெட்டிக் கூவும். வீட்டுச் சேவலும் செந்நிறக் காட்டுச் சேவலும் கூவும் முன் இறக்கையைத் தட்டிக்கொள்ளும். சாம்பல் காட்டுச் சேவல் தட்டாது. அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் இதன் குரல் நெடுந்தூரம் கேட்கும்.

இப்பறவையை ஏதோ ஒரு காட்டுப் பறவை என்று ஒதுக்கிவிட முடியாது. நாம் வீட்டில் வளர்க்கும் கோழிக்கு இது இரத்த சம்பந்தம் உள்ள பறவை. காட்டோர விவசாயிக்கோ இது இன்னும் நெருக்கமானது. விதைத்த நிலத்தில் இது பொறுக்க வரும். இதைப் பிடித்தால் சட்டம் தண்டிக்கும். வீட்டுக் கோழிக்கு வரும் நோய் இதற்கும் தொற்றக்கூடும். ஆகவே இதைப் பற்றிச் சரியாகத் தெரிந்து வைத்துக்கொள்வது விவசாயப் பெருமக்களுக்கு நன்மை தரும்.

நான்கு வகைக் காட்டுக்கோழிகள்

உலகில் காட்டுக்கோழி இனங்கள் நான்குதான் உள்ளன. செந்நிறக் காட்டுக்கோழி இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா, மத்திய இந்தியாவின் ஒரு பகுதி ஆகிய இடங்களிலும், அங்கிருந்து கிழக்கே பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளிலும் வாழ்கிறது. பச்சைக் காட்டுக்கோழி ஜாவா, பாலி மற்றும் அதை அடுத்த தீவுகளில் உள்ளது. இலங்கைக் காட்டுக்கோழி அந்தத் தீவில் மட்டுமே காணப்படுவது. அந்நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. நான்காவதுதான் நமது சாம்பல் காட்டுக்கோழி. இது இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. வடமேற்கே ராஜஸ்தானின் அபு மலை வரையிலும், கிழக்கே கோதாவரி ஆற்றை ஒட்டிய பகுதி வரையிலும் இது பரவியுள்ளது. எனினும் இதன் முக்கியமான இருப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

மழை மிகுந்த பசுமைக் காடுகளிலும், இலையுதிர் காடுகளிலும், மூங்கில் புதர்களிலும், காப்பித் தோட்டங்களின் ஓரங்களிலும் இது வாழும். சங்க நூல்களில் கானக்கோழி என்ற பெயர் வருகிறது. இன்று கானாங்கோழி என்று நீர்நிலைகளின் ஓரத்தில் திரியும் வேறொரு பறவையைச் சொல்கிறோம். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா என்பவர் 1774 முதல் 1781 வரை இந்தியா உள்ளிட்ட கீழை நாடுகளில் பயணம் செய்து, 1782-ம் ஆண்டு தமது பயண நூலை வெளியிட்டார். புதுச்சேரியிலும் அவர் தங்கியிருந்தார். அந்த நூலில் இந்தக் காட்டுக்கோழியைப் பற்றி விவரித்திருக்கிறார். 1813-ம் ஆண்டு டச்சு அறிஞர் டெமிங்க் இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது சொன்னராவின் பெயரையே வைத்தார். காலஸ் சொன்னராட்டி என்பதே இதன் அறிவியல் பெயர்.

அடையாளம் காண்பது எப்படி?

சேவல் வால் உட்பட 70 முதல் 80 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை சுமார் 800 கிராமிலிருந்து 1,100 கிராம் வரை. உடல் சாம்பல் நிறம். கழுத்திறகுகள் கருமையாக நீண்டு, நுனியில் மஞ்சள் மெழுகைத் தடவியதுபோன்ற சிறிய கெட்டித் தகடு கொண்டவை. வெயில் பட்டால் அவை பொட்டுப் பொட்டாக மின்னும். இப்படிப்பட்ட கழுத்திறகு செந்நிறக் காட்டுக்கோழிக்குக் கிடையாது. வால் கருமையாக, அரிவாள்போல் வளைந்து இருக்கும். கொண்டையும் தாடியும் சிவப்பு. காலும் செந்நிறமாக இருக்கும், முள் உண்டு.

கோழி சிறியது, 40 சென்டிமீட்டர் அளவுதான். எடை முக்கால் கிலோவுக்கு மேல் அரிது. மேல்பாகம் பழுப்பு. மார்பில் வெள்ளையும் கறுப்புமாகச் செதில் செதிலான கோடுகள். கால் மஞ்சள் நிறம். சருகுக்குள் அசையாமல் அமர்ந்திருந்தால் பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

இனவிருத்திக் காலம் முடியும் தறுவாயில் சேவலின் அழகான கழுத்திறகுகள் உதிர்ந்துவிடும். சில மாதங்கள் மங்கலான தோற்றத்தில் இருந்து பிறகு மீண்டும் இறகு முளைக்கும். இதை நோய் என்று நினைக்க வேண்டியதில்லை.

உணவும் வாழ்க்கை முறையும்

இது முழுக்க முழுக்கத் தரையில் கிளறித் தின்னும் பறவை. காலால் சருகைப் பின்னுக்குத் தள்ளி, அடியில் இருக்கும் விதை, பூச்சி, புழு, கரையான் ஆகியவற்றைப் பொறுக்கும். உதிர்ந்த பழங்கள், உண்ணிச்செடிப் பழம், இளந்தளிர் ஆகியவற்றையும் உண்ணும். மூங்கில் பூத்து விதை உதிரும் காலத்திலும், குறிஞ்சி வகைச் செடிகள் பூத்து விதை கொட்டும் காலத்திலும் அந்த இடத்தை நாடி ஏராளமாகக் கூடும். கிடைக்கும் இரைக்கு ஏற்ப இடம் மாறும் இயல்பு இதற்கு உண்டு.

அதிகாலையிலும் மாலையிலும் திறந்த வெளிக்கு வரும். வெயில் ஏறியதும் புதருக்குள் போய்விடும். ஆபத்து வந்தால் முதலில் ஓடும். ஓட வழியில்லாதபோதுதான் பறக்கும். இரவில் மரக்கிளையிலோ மூங்கில் புதரிலோ அடையும்.

முக்கியமாக பிப்ரவரி முதல் மே வரை முட்டையிடும். புதரடியில் தரையை லேசாகப் பள்ளமாக்கி, சருகைப் பரப்பி, 4 முதல் 7 முட்டைகள் வரை இடும். சுமார் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். வீட்டுக்கோழியின் அடைகாலமும் இதே 21 நாள்தான். குஞ்சுகள் பொரித்த அன்றே தாயின் பின்னால் நடக்கத் தொடங்கும். முதல் சில வாரங்களுக்கு அவற்றின் முக்கிய ஆகாரம் சிறு பூச்சிகளும் கரையானும்தான்.

மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது?

நம் வீட்டுக்கோழியின் மூதாதை எது என்ற கேள்வி வெகு நாட்களாக விவாதிக்கப்பட்டு வந்தது. சாம்பல் காட்டுக்கோழியே மூதாதை என்று ஒரு காலத்தில் சிலர் கருதினர். 1868-ம் ஆண்டு வெளியிட்ட நூலில் டார்வின், செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை என்று முடிவு கூறினார். அதுவே நீண்ட காலம் ஏற்கப்பட்டது.

2020-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 863 கோழிகளின் மரபுப் பொருளை முழுமையாக ஒப்பிட்டுப் பார்த்தனர். செந்நிறக் காட்டுக்கோழியின் ஐந்து உள்ளினங்களில் ஒன்றிலிருந்து வீட்டுக்கோழி தோன்றியது என்றும், தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, பர்மா ஆகியவை சேரும் பகுதியே அதன் பிறப்பிடம் என்றும் அதில் தெரிந்தது. 2022-ம் ஆண்டு வெளியான மற்றொரு ஆய்வு, மத்திய தாய்லாந்தில் உள்ள பான் நான் வாட் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த எலும்புகளே ஐயத்துக்கு இடமில்லாத மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்று கூறியது. அவற்றின் காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை.

கோழி மனிதனிடம் வந்து சேர்ந்த காரணத்தையும் அந்த ஆய்வாளர்கள் கூறியுள்ளனர். அங்கே மக்கள் காட்டை அழித்து மானாவாரி நெல்லும் தினையும் விதைத்தனர். சிந்திய தானியத்தைப் பொறுக்கக் காட்டுக்கோழி வயலுக்கு வந்தது. வயலிலிருந்து வீட்டுக்கு வந்தது. ஆக, விவசாயி விதைத்த தானியம்தான் கோழியைக் காட்டிலிருந்து வரவழைத்தது. இன்றும் காட்டோர வயலுக்குக் காட்டுக்கோழி வருவது இதே காரணத்தால்தான்.

இதில் நம் சாம்பல் காட்டுக்கோழிக்கு என்ன பங்கு? செந்நிறக் காட்டுக்கோழிக்குத் தோல் வெள்ளை. கால் சாம்பல் நிறம். ஆனால் உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கால் மஞ்சள். இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதை ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்ற நாட்டினருடன் சேர்ந்து ஆராய்ந்து 2008-ம் ஆண்டு வெளியிட்டனர். தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறப்பொருளைத் தோலில் சிதைத்துவிடும் ஒரு நொதி கோழியின் உடலில் உண்டு. மஞ்சள் கால் கோழிகளில் அந்த நொதிக்குரிய மரபணு தோலில் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் நிறம் தோலில் தங்கிவிடுகிறது. இந்த மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது செந்நிறக் காட்டுக்கோழியினுடையதைவிடச் சாம்பல் காட்டுக்கோழியினுடையதை ஒத்திருந்தது. ஆகவே வீட்டுக்கோழி எப்போதோ நம் சாம்பல் காட்டுக்கோழியுடன் கலந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

வீட்டுக்கோழியின் பெரும்பங்கு கிழக்கிலிருந்து வந்தது என்றாலும், அதன் மஞ்சள் காலை இந்தியத் தீபகற்பத்தின் காட்டுப் பறவையே கொடுத்திருக்கிறது. உலகச் சந்தைக்குப் போகும் மஞ்சள் கால் கறிக்கோழியிலும் இந்தப் பங்கு இருக்கிறது.

கால் நிறத்தைப் பார்த்து முட்டைக்கோழியை அறியலாம்

இந்தச் செய்தியால் கோழி வளர்ப்போருக்கு நேரடியான பயனும் உண்டு. மஞ்சள் நிறத்தைத் தங்கவைப்பது மரபணு என்றாலும், நிறத்தைக் கொடுப்பது தீவனம்தான். மஞ்சள் மக்காச்சோளம், முருங்கைக்கீரை, அகத்தி, குதிரைமசால், அறுகம்புல் ஆகியவற்றில் இந்த நிறப்பொருள் இருக்கிறது. அரிசிக் குருணையும் தவிடும் மட்டுமே தின்னும் கோழியின் கால் வெளிறியிருக்கும். மஞ்சள் கருவும் வெளிறியிருக்கும்.

மஞ்சள் கால் உள்ள கோழி முட்டையிடத் தொடங்கியதும் தீவனத்தில் கிடைக்கும் நிறம் மஞ்சள் கருவுக்குப் போய்விடுகிறது. உடலில் உள்ள நிறம் ஓர் ஒழுங்கில் குறைகிறது. முதலில் சில நாட்களிலேயே எச்சவாய் வெளிறும். அடுத்து கண் வளையம், காதுமடல். ஆறு எட்டு வாரம் தொடர்ந்து இட்டால் அலகு வெளிறும். நான்கு ஐந்து மாதம் நன்றாக இட்டபிறகு கால் வெளிறிவிடும். முட்டையிடுவதை நிறுத்தினால் இதே வரிசையில் நிறம் திரும்பும்.

ஆகவே ஒரே தீவனம் தின்னும் கோழிகளில், வயதுக்கு வந்து பல மாதம் ஆகியும் காலும் அலகும் எச்சவாயும் பளிச்சென்று மஞ்சளாக உள்ள கோழி முட்டை இடாமல் தின்கிறது என்று பொருள். காலும் அலகும் வெளிறி, எச்சவாய் ஈரமாக அகன்றிருந்தால் அது நல்ல முட்டைக்கோழி. சந்தைக்கு எதைக் கழிப்பது, அடைக்கு எதை வைப்பது என்று முடிவு செய்ய இது உதவும். நோயுற்ற கோழியும் வெளிறியிருக்கும் என்பதால் கொண்டையின் சிவப்பையும் கோழியின் சுறுசுறுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயல்பிலேயே வெள்ளைக் கால், கருங்கால் உள்ள கோழிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

விதைத்த நிலத்தில் இழப்பைத் தடுக்க

காட்டோரத்தில் சாமை, தினை, கேழ்வரகு, மக்காச்சோளம், நிலக்கடலை விதைப்போர், காட்டுக்கோழி விதையைப் பொறுக்கிவிடுகிறது என்று முறையிடுவது உண்டு. பொறுக்குவது உண்மை. ஆனால் மயில், காட்டுப்பன்றி ஆகியவை செய்யும் சேதமும் பல இடங்களில் காட்டுக்கோழியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மயில் திறந்த வெளியில் வெகுதூரம் வந்து மேயும். காட்டுக்கோழி புதர் மறைவை விட்டு அதிக தூரம் வராது. நிலத்தின் காட்டுப்பக்கத்து ஓரத்தில் மட்டும் கிளறல் இருந்தால் அது பெரும்பாலும் காட்டுக்கோழி. நடு வயலிலும் சேதம் இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இழப்பைக் குறைக்கும் வழிகள் எளியவை. கைவிதைப்பைத் தவிர்த்து, கொழுவில் அல்லது விதைக்குழலில் உரிய ஆழத்தில் விதைத்து உடனே மூட வேண்டும். மேலே சிந்திய விதைதான் பறவையை முதலில் இழுக்கிறது. கோணிப்பையை வரப்போரத்தில் கொட்டி உதறக் கூடாது. நல்ல ஈரம் இருக்கும்போது விதைத்தால் முளைப்பு ஒரே சீராக வந்து, ஆபத்தான நாட்கள் குறையும். முளைத்து இரண்டு மூன்று இலை வரும் வரை, விடிந்ததும் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் காவல் போதும். உச்சி வெயிலில் காவல் தேவையில்லை. சொந்த நிலத்தின் ஓரத்தில் மண்டியுள்ள உண்ணிச்செடிப் புதரை, முட்டையிடும் பருவத்தைத் தவிர்த்த மாதங்களில் வெட்டி அகற்றினால், மறைவு இல்லாமல் பறவை நிலத்துக்குள் வரத் தயங்கும். அறுவடையின்போது களத்தைக் காட்டோரத்தில் அமைக்காமல் வீட்டுப்பக்கம் அமைப்பது நல்லது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். விதைப்பு நாட்கள் போக ஆண்டின் மற்ற நாட்களில் இப்பறவை பூச்சியையும் புழுவையும் கரையானையும் தின்கிறது. காப்பி, ஏலத் தோட்டங்களில் சருகைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கும் வேலையை இது கூலியில்லாமல் செய்கிறது.

நஞ்சு கலந்த தானியத்தை வரப்பில் வைப்பது மிகத் தவறான செயல். அதைத் தின்பது காட்டுக்கோழி மட்டுமல்ல. புறா, கௌதாரி, சொந்த வீட்டுக் கோழி, சில சமயம் ஆடு மாடுகளும் சாகும். குழந்தைகளுக்கும் ஆபத்து.

கண்ணி வைப்பது குற்றம்

காட்டுக்கோழியை இறைச்சிக்காகப் பிடிப்பது பழைய வழக்கம். அதோடு கழுத்திறகுக்காகவும் இது பெருமளவில் கொல்லப்பட்டது. மெழுகுத் தகடு கொண்ட அந்த இறகைச் செயற்கைப் பூச்சியாகக் கட்டித் தூண்டிலில் மாட்டினால் சால்மன், டிரவுட் மீன்கள் கவ்வும் என்பதால், பிரிட்டன் முதலிய நாடுகளில் அதற்குப் பெரிய கிராக்கி இருந்தது. நம் மலைகளிலிருந்து கழுத்துத் தோல்கள் கப்பலேறின. இப்போது வெளிநாடுகளில் இந்த இறகுக்காகவே கூண்டில் இப்பறவையை வளர்க்கின்றனர்.

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியல்ல. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, பொறியில் பிடிப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே அச்சட்டப்படி வேட்டைதான். பட்டா நிலத்தில் வைத்தாலும் குற்றம் குற்றமே. சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. 2022-ம் ஆண்டுத் திருத்தத்தால் அபராதத் தொகை உயர்த்தப்பட்டுள்ளது. ஒரு கிலோ இறைச்சிக்காக வழக்கு, வக்கீல், வாய்தா என்று அலைந்தால் அந்த ஆண்டு வெள்ளாமையின் வரவு அதிலேயே போய்விடும்.

காட்டில் கிடைத்த முட்டையைக் கொண்டுவந்து வீட்டு அடைக்கோழியின் கீழ் வைத்துப் பார்க்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. இதுவும் சட்டப்படி குற்றம். அதனால் ஆதாயமும் இல்லை. பொரிக்கும் குஞ்சுகள் மிரண்டு ஓடும் இயல்புள்ளவை. வீட்டில் பழகுவது அரிது. எடையும் முட்டையும் நம் சிறுவிடைக் கோழியைவிடக் குறைவு. நல்ல நாட்டுக்கோழி வேண்டுமென்றால் நல்ல நாட்டுச் சேவலைத் தேர்ந்து விடுவதே வழி.

தீயும் நாயும்

இப்பறவை தரையில் முட்டையிடும் பிப்ரவரி முதல் மே வரையிலான காலம்தான் காடு காய்ந்து கிடக்கும் காலம். நிலத்தின் ஓரத்தைச் சுத்தம் செய்யவும், புதுப்புல் வரவும் தீ வைக்கும் பழக்கம் இம்மாதங்களில்தான் அதிகம். சருகில் பற்றிய தீ காட்டுக்குள் ஓடினால் முட்டையும் குஞ்சும் தப்ப வழியில்லை. மண்ணின் மட்கும், அதைக் காக்கும் சருகும் அதோடு போகின்றன. முதல் மழையில் மேல்மண் அரித்து ஓடுகிறது. சருகைக் கூட்டி எருக்குழியில் இட்டால் அது அடுத்த வெள்ளாமைக்கு உரம்.

அதேபோல் காவலுக்கு வளர்க்கும் நாயை இம்மாதங்களில் காட்டுக்குள் சுற்ற விடக் கூடாது. தரையில் அடைகாக்கும் பறவைக்கு நாய் பெரிய எதிரி.

கழிச்சல் நோய்: இரு பக்கமும் ஆபத்து

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் நாட்டுக்கோழி வளர்ப்போர் அனைவரும் அறிந்தது. இந்த நச்சுயிரி நோய் 1920-களில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இமயமலை ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. கோழி தீனி எடுக்காது. கண்ணை மூடி உறங்கி விழும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பு மருந்து போடாத கோழிகளில் இது புகுந்தால் ஒரு வாரத்தில் குடாப்பு காலியாகிவிடும். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது.

காட்டுக்கோழியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது என்பதால் இந்நோய்க்கு ஆளாகக்கூடியது. காட்டோர ஊரில் செத்த கோழியைப் புதரில் வீசுவதும் ஓடையில் போடுவதும் நோயைக் காட்டுக்குள் அனுப்பும் செயல். அங்கிருந்து காகம், நரி, நாய் மூலமாக அது திரும்பவும் ஊருக்கு வரும். செத்த கோழியை இரண்டு மூன்று அடி ஆழத்தில் புதைத்து, மேலே சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். நோய் கண்டபின் அவசரமாகச் சந்தையில் விற்பதும், உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் ஊர் ஊராக நோயைப் பரப்பும்.

தடுப்பு முறை இதுதான். குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா மருந்து விட வேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கையின் தோலடியில் தடுப்பூசி போட வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் தடுப்பூசி நன்றாக வேலை செய்யும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்துவர வேண்டும். கலந்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். காலை அல்லது மாலைக் குளிர்ச்சியில் போடுவது நல்லது. நோயுற்ற கோழிக்குப் போடக் கூடாது.

கோடைக்கு முன்பே எல்லாக் கோழிகளுக்கும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை இதற்கான முகாம்களைப் பெரும்பாலும் பிப்ரவரியில் நடத்துகிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊரில் ஒரு வீடு விடுபட்டாலும் நோய்க்கு அந்த வீடு போதும். எனவே ஊர் முழுவதும் ஒரே நாளில் போட்டுக்கொள்வது சிறந்தது.

காட்டுக்கோழி கற்பிக்கும் வளர்ப்பு முறை

வீட்டுக்கோழி மனிதனிடம் வந்து மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் அதன் இயல்பு பெரிதும் மாறவில்லை. காட்டுக்கோழியின் பழக்கத்தைக் கவனித்தால் நாட்டுக்கோழிக்கு என்ன தேவை என்பது புரியும்.

முதலாவது, கோழி இரவில் உயரத்தில் அடையும் பறவை. தரையில் அடைத்துப்போட்டால் ஈரத்தாலும் எச்சத்தின் நெடியாலும் சளி பிடிக்கும். கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் எளிதாகும். இரண்டு மூன்று அடி உயரத்தில் மூங்கில் கழியைக் குறுக்காகக் கட்டிய, காற்றோட்டமுள்ள, கதவு உள்ள கூண்டு போதும். காட்டோர ஊர்களில் கோழிகளை இரவில் மரத்தில் அடைய விடாமல் கூண்டில் அடைத்துப் பழக்க வேண்டும்.

இரண்டாவது, காட்டுக்கோழி மறைவை விட்டுத் தூரம் போகாது. நாட்டுக்கோழி மேயும் இடத்திலும் முருங்கை, அகத்தி, வேலிப்புதர் என்று நிழலும் மறைவும் இருந்தால் பருந்து, வல்லூறு தூக்கிச் செல்லும் குஞ்சுகளின் எண்ணிக்கை குறையும். வெட்டவெளியில் குஞ்சுகளை விடும்போது முதல் மூன்று வாரம் பஞ்சாரத்தால் மூடி வைப்பது அவசியம்.

மூன்றாவது, காட்டுக்கோழி புழுதியில் புரண்டு குளிக்கும். பேன், உண்ணி ஆகியவற்றை அகற்ற அதற்குத் தெரிந்த வழி அது. வீட்டிலும் மழை படாத ஒரு மூலையில் உலர்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் கோழிகள் தாமே பயன்படுத்திக்கொள்ளும்.

நான்காவது, குஞ்சுக்குப் புரதம் வேண்டும். காட்டில் தாய்க்கோழி கரையான் புற்றைக் கிளறிக் குஞ்சுகளை அழைக்கும். வீட்டில் கரையானை நாமே வரவழைக்கலாம். ஒரு பழைய மண்பானையில் கிழிந்த கோணி, உலர்ந்த சாணம், வைக்கோல் துண்டு, காய்ந்த ஓலை ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். மாலையில் வைத்தால் மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறும் முன் எடுத்துக் குஞ்சுகளின் முன் தட்டிவிட வேண்டும். செலவு எதுவும் இல்லை. வீட்டுச் சுவர், மரச்சாமான்கள் இருக்கும் இடத்துக்குத் தள்ளியே பானையை வைக்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்த இடத்தில் பிடித்த கரையானைக் கொடுக்கக் கூடாது.

ஐந்தாவது, ஒரு கோழி தன் உடல் மூடும் அளவு முட்டையைத்தான் சரியாகப் பொரிக்கும். காட்டுக்கோழி ஏழுக்கு மேல் இடுவது அரிது. நம் கோழி அதைவிடப் பெரியது என்பதால் பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கலாம். ஆசைப்பட்டு இருபது வைத்தால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்து கூமுட்டையாகும்.

சாம்பல் காட்டுக்கோழி இன்னும் அழிவின் விளிம்புக்கு வந்துவிடவில்லை. காடு இருக்கும் இடங்களில் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் தீபகற்பத்தை விட்டால் இதற்கு வேறு இடம் இல்லை. நாளை கோழி இனங்களில் புதிய நோய் எதிர்ப்புச் சக்தியோ வேறு நல்ல குணமோ தேட வேண்டி வந்தால், அறிவியலாளர்கள் முதலில் திரும்பிப் பார்ப்பது காட்டு உறவினத்தைத்தான். மஞ்சள் காலைக் கொடுத்த பறவை வேறு எதைக் கொடுக்கக்கூடும் என்பது இனிமேல் ஆராய வேண்டிய விஷயம். அதற்குப் பறவை உயிரோடு இருக்க வேண்டும்.

காட்டோர விவசாயி இதற்கென்று தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கண்ணி வைக்காதிருத்தல், கோடையில் தீ வைக்காதிருத்தல், வீட்டுக் கோழிக்குக் காலத்தில் தடுப்பூசி போடுதல், செத்த கோழியைப் புதைத்தல் ஆகிய இந்த நான்கும் போதும். நான்கில் மூன்று அவருடைய நிலத்துக்கும் அவருடைய கோழிகளுக்குமே நேராக நன்மை தருபவை.